சுடுதண்ணீரில் நான் போட்ட தகடு

தம்பி,

இதை உன் ஃபோனுக்கு அனுப்பாமல் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். காரணம் இருக்கிறது. உன் மனைவி சுகந்தியைப் பற்றி நான் சொன்ன பொய்யெல்லாம் ஊர் கேட்கச் சொன்னது. பீலிக்கரையில் குடம் நிரம்பும் நேரத்தில் சொன்னேன், மடுவத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்க வரிசையில் நின்றபோது சொன்னேன், கோயில் வாசலிலும் சொன்னேன். அதை உன் காதில் மட்டும் ரகசியமாகத் திருப்பி எடுத்தால் கணக்குத் தீராது. இந்தப் பேப்பர் ஞாயிற்றுக்கிழமை றக்வானைக் கடைக்கு வரும், திங்கட்கிழமை பருப்புச் சுற்றி நம் லயத்து வீடுகளுக்கு வரும். எல்லாரும் படிப்பார்கள். நீயும் படித்துவிட்டு, "மானத்த வாங்கிட்டீங்களேம்மா" என்று கத்துவாய். கத்து. ஆனால் புதன்கிழமைக்கு முன்னால் கத்து. அன்றைக்கு இரத்தினபுரியில் அவளுக்குத் தாடை கிளினிக். நீ வரமுடியாது என்று சொல்லிவிட்டாய். அவள் பையைத் தூக்கிக்கொண்டு குருவிட்டையில் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். இந்த இரண்டுக்கும் காரணம் நான்தான்.

உன் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார். நீ எனக்குக் கேக் ஊட்டுகிற படம் ஒன்று இருக்கிறது. "அம்மா, வாய நல்லாத் தொறங்க, பல்லு தெரியட்டும்" என்றான் ஃபோட்டோக்காரன். திறந்தேன். ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் என் வாய் திறக்கும். கேக் உதட்டில் அப்பிக்கொண்டது. "வெத்தல போட்டுப் போட்டு மதினிக்கு வாய் கல்லாயிருச்சு" என்றார் உன் சித்தப்பா. மண்டபமே சிரித்தது, நீயும் சிரித்தாய். நான் வாழ்நாளில் ஒரு வெற்றிலை போட்டதில்லை என்று உனக்குத் தெரியும். நீ அதைச் சொல்லவில்லை. அதே வாரம் குருவிட்டையில் மறுவீட்டு விருந்து. சுகந்தி ஒரு முறுக்கைக் கடித்தாள். காதோரம் "டக்" என்று ஒரு சத்தம். அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணுமில்லங்க, அப்பப்ப வர்றதுதான்" என்றாள். நீ சாப்பாட்டில் பாதியில் எழுந்துவிட்டாய். அடுத்த கிழமை கடையில் லீவு போட்டு, கொழும்பில் அதற்கென்று இருக்கிற டொக்டரிடம் அவளைக் கூட்டிக்கொண்டு போனாய். நீ அவளுக்குச் சேலை வாங்கினாய், சங்கிலி வாங்கினாய். நான் திரும்பியும் பார்க்கவில்லை. அவளுக்காக ஒரு டொக்டரைத் தேடிப் போனாயே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஏனென்றால் அந்தச் சத்தம் முதலில் என்னுடையது. உனக்கு எட்டு வயது. நான் ரொட்டி மெல்லும்போது வலது காதுக்குப் பக்கத்தில் டக், டக் என்று கேட்கும். நீ ஓடிவந்து உன் காதை என் கன்னத்தில் ஒட்டவைப்பாய். "அம்மா ரேடியோ! இன்னொருக்கா போடுங்கம்மா!" நானும் உனக்காக வாயை ஆவென்று திறந்து மூடிக் காட்டுவேன். மலையில் நாள் முழுக்கக் கங்காணியிடம் ஏச்சு வாங்கிவிட்டு வருகிறவளுக்கு, பிள்ளையின் கன்னம் கன்னத்தில் ஒட்டுவதைவிட வேறு என்ன வேண்டும்? வலி தொடங்கிய பிறகும் அந்த விளையாட்டை நிறுத்தவில்லை. இதை என் முதல் முட்டாள்தனம் என்று எழுதிக்கொள். உனக்குச் சிரிப்பு வந்த அதே சத்தம் அவள் தாடையிலிருந்து வந்தபோது உனக்குப் பயம் வந்தது. அந்தப் பயத்தின் மேல்தான் என் பொறாமை முழுவதும்.

என் பல் எப்படிப் போனது என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. வலது பக்கம் கடைவாயில் மூன்று பல் இல்லை. சொத்தை என்று நினைத்திருப்பாய். மூன்றும் நல்ல பல். உன் அப்பா இறந்த மறு வருடம், தாடை வலி காதுக்கும் நெற்றிப்பொட்டுக்கும் ஏறியது. கொழுந்துப் பையின் கயிறு தலையில் இழுக்க, சரிவில் இறங்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் இறங்குவோம். வலி இன்னும் ஏறும். தோட்டத்து மருந்துக்காரரிடம் போனால், "காய்ச்சலா? இல்ல. காயமா? இல்ல. வீக்கம்? இல்ல. அப்ப என்னாத்துக்குத் துண்டு?" என்பார். சுகமில்லை என்று அவர் துண்டு எழுதிக் கொடுக்காவிட்டால், படுத்திருக்கிற அன்றைக்கு மலையில் பேர் விழாது. பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. இந்தத் தோட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத வலி வலியே இல்லை. ஆனால் பல் பிடுங்கினால் துண்டு உண்டு. பிடுங்கிய பல்லைப் பஞ்சில் சுற்றிக் காட்டினால் இரண்டு நாள் கேள்வி கேட்காமல் எழுதுவார். எங்கள் லயத்துப் பொம்பளைகள் எல்லாருக்கும் இது தெரியும். "வலிக்கிற பக்கத்துல ஒண்ணப் புடுங்கிரு அக்கா, துண்டும் கெடைக்கும், வலியும் போகும்" என்றாள் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் ராசம்மா. பல் பிடுங்குகிற இடத்தில் எந்தப் பல் என்று கேட்டார்கள். நானே விரலை வைத்துக் காட்டினேன். இரண்டு நாள் படுத்தேன். வலி போகவில்லை. மூன்று மாதம் கழித்துப் பக்கத்துப் பல்லைக் காட்டினேன். அடுத்த வருடம் அதற்கும் பக்கத்துப் பல். வலி பல்லில் இல்லை, தாடை மூட்டில் என்று சொல்ல ஆளில்லை. சொல்லக்கூடியவரிடம் போவதற்குத் துண்டும் இல்லை. பல் போன பக்கம் மெல்ல முடியாமல் மற்றப் பக்கமாகவே மென்றேன். தாடை இன்னும் கோணிக்கொண்டது.

நீ சாதாரண தரப் பரீட்சை எழுதிய மாதம், ஒரு காலையில் கொட்டாவி விட்டேன். வாய் மூடியது, மறுபடி திறக்கவில்லை. டக் என்ற சத்தமும் அன்றோடு நின்றது. சத்தம் நின்றதால் சுகமாகிவிட்டது என்று நினைத்தவளும் நான்தான். ராசம்மா அகப்பையைக் கொண்டுவந்தாள். காம்பைப் பல்லுக்கு நடுவில் கொடுத்து நெம்பினாள். "கொஞ்சம் பொறுத்துக்கக்கா, ரம்புட்டான் தோல் மாதிரி இப்பத் தொறந்துக்கும்." உள்ளே ஏதோ கிழிந்தது எனக்குத் தெரிந்தது. காதிலிருந்து கழுத்து வரை தீ. வாய் ஒரு விரல் அளவுக்குத் திறந்தது, அதோடு சரி. நீ அறைக்குள் படித்துக்கொண்டிருந்தாய், அதனால் நான் கத்தவில்லை. பரீட்சை முடியட்டும், பிறகு பார்ப்போம் என்றேன். பிறகு உனக்கு உயர்தரம், பிறகு உனக்குக் கொழும்பில் வேலை, பிறகு உன் கல்யாணம். அந்தப் "பிறகு" பதினொரு வருடம் நீண்டது. இந்தப் பதினொரு வருடமும் நான் சாப்பிட்டது குழைந்த சோறும், தேத்தண்ணியில் ஊறவைத்த ரொட்டியும்தான். உடம்பு வற்றியது. தலைவலி இல்லாமல் விடிந்த நாள் கையில் எண்ணிவிடலாம். சிரிப்பதற்குப் பயம், கொட்டாவிக்கு அதைவிடப் பயம். எரிந்து விழுகிறவள் என்று பேர் எடுத்தேன். எனக்கு வயது நாற்பத்தேழுதான் தம்பி. ஃபோட்டோவில் அறுபது.

இப்படி இருந்த வீட்டுக்குத்தான் சுகந்தி வந்தாள். நம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு டீச்சர் நியமனம். நீ கொழும்பில், அவள் என்னோடு லயத்தில். குருவிட்டையில் கடை வைத்திருக்கிறவர் வீட்டுப் பெண் பீலியில் தண்ணீர் தூக்கமாட்டாள் என்று நினைத்தேன். தூக்கினாள். என் சோற்றைக் குழைய வடிக்கச் சொல்லாமலே குழைய வடித்தாள். ஒரு நாள், "அத்தை, ஒங்களுக்கும் தாடைதான். வெத்தல இல்ல. நீங்களும் கிளினிக் வாங்க" என்றாள். வந்து மூன்று மாதமான ஒருத்திக்குத் தெரிந்தது, என் வயிற்றில் பிறந்தவனுக்குத் தெரியவில்லை. அவளைக் கும்பிட்டிருக்க வேண்டும். "எனக்கு டொக்டர் காட்ட என் மகன் இருக்கான், நீ ஒன் வேலயப் பாரு" என்றேன். அவள் படுக்கும்போது பல்லில் மாட்டிக்கொள்ளும் அந்தத் தகடு இருக்கிறதே, கண்ணாடி போல, கொழும்பு டொக்டர் பல்லை அச்செடுத்துச் செய்தது. தூக்கத்தில் பல்லைக் கடித்தாலும் மூட்டில் பாரம் விழாமல் தாங்குமாம். காலையில் கழுவி, நீல டப்பாவில் போட்டு, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைப்பாள். எனக்குத் தினமும் அதுதான் கண்ணில் விழும். கொழுந்துப் பையைத் தலையில் மாட்டும்போதெல்லாம் அந்த நீல டப்பா நினைவுக்கு வரும். பீலிக்கரையில், "எங்க வீட்டு மகாராணிக்குத் தூங்கறதுக்கும் ஒரு நகை" என்றேன். சிரித்தார்கள். இன்னொரு நாள், "அது நோய் வருத்தமே இல்ல, புருசன இழுத்து வைக்கிற வித்தை" என்றேன். இன்னும் நன்றாகச் சிரித்தார்கள்.

ஒரு போயா நாள் காலை, பௌர்ணமி லீவு. பள்ளிக்கூடம் இல்லை. சுகந்தி துணி துவைக்கப் போயிருந்தாள். தேத்தண்ணிக்குக் கேத்தல் கொதித்தது. நான் டப்பாவைத் திறந்து, தகட்டைக் கோப்பையில் போட்டு, கொதிக்கிற தண்ணீரை ஊற்றினேன். சுத்தம் செய்யத்தான் போட்டேன் என்று சொல்ல ஒரு பேச்சைத் தயாராக வைத்திருந்தேன். பச்சைத் தண்ணீரில் மட்டும்தான் கழுவ வேண்டும், சூடு பட்டால் கோணிவிடும் என்று அவள் முதல் நாளே சொல்லியிருந்தாள். தெரிந்துதான் ஊற்றினேன். தகடு வெயிலில் விட்ட ரப்பர் சீட்டு மாதிரி ஓரம் சுருண்டது. நின்று பார்த்தேன். அவள் வந்து, இரண்டு விரலால் அதை எடுத்து, வாயில் வைத்துப் பார்த்தாள். உட்காரவில்லை. கோப்பையைப் பார்த்தாள். கேத்தலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் தயாரித்து வைத்த பேச்சு எனக்கு வரவில்லை. அவளும் கேட்கவில்லை. அன்று மாலை நீ ஃபோன் எடுத்தபோது, ஸ்பீக்கரில் உன் குரல் எனக்கும் கேட்டது.

"எப்பிடிக் கெட்டுச்சு?"

"நான்தாங்க... தெரியாம சுடுதண்ணியில போட்டுட்டேன்."

"டீச்சர்னு சொல்லிக்கிற, அறிவிருக்கா ஒனக்கு?"

அன்றைக்கு எனக்குக் கஞ்சிகூட இனித்தது. பொய் சொல்லவில்லை. அப்படித்தான் இருந்தது.

ஆனால் நீ புதுத் தகடு வாங்கித் தரவில்லை. "அடுத்த லீவுக்குப் பார்ப்போம்" என்றாய். அது என்னுடைய "பிறகு". உன் வாயில் அதைக் கேட்டபோது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நான்காவது கிழமை, பள்ளிக்கூடத்துக்குச் சேலை கட்டிக்கொண்டிருந்தவள் அடுப்படிக்கு வந்து நின்றாள். "அத்த..." பல்லுக்கு இடையிலிருந்து சத்தம் வந்தது. "தொறக்க மாட்டேங்குது." விரலை வாயில் வைத்துக் காட்டினாள். ஒரு விரல். என்னுடைய அளவு. பட்டால்தான் தெரியும் என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த ஒரு கணத்தை யாரும் பார்க்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். சத்தம் கேட்டு ராசம்மா வந்துவிட்டாள். வந்தவள் நேராக அகப்பையை எடுத்தாள். "ஒன் மாமியாளுக்கும் நான்தான் பாத்தேன் புள்ள. கண்ண மூடிக்க." சுகந்திக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் ராசம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். தகட்டைக் கெடுத்தவளை, வேறு யாரும் இல்லாததால்.

"தொடாத!" என்று கத்தினேன். என் தாடையில் சுரீரென்றது. பதினொரு வருடத்தில் நான் அவ்வளவு பெரிதாக வாய் திறந்ததில்லை. "அகப்பைய வை ராசம்மா. நீ நெம்பினது போதும், என்னப் பாரு, இதான் நீ பாத்த வைத்தியம்." ராசம்மா முகம் சுருங்கிப் போனாள். அவளைக் குறை சொல்லி என்ன? டொக்டர் இல்லாத இடத்தில் அகப்பைதான் டொக்டர். அன்றைக்கு நான் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகவில்லை, துண்டும் கேட்கவில்லை. "பேர் விழாது, தெரியும்ல?" என்றார் கங்காணி. "விழாட்டிப் போகுது" என்று நடந்தேன். றக்வானையிலிருந்து இரத்தினபுரிக்குப் பஸ். ஒவ்வொரு வளைவிலும் அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். பாதி வழியில் என் கையை எடுத்து அவள் கன்னத்தில் வைத்தேன், சூடு பட்டால் கொஞ்சம் இதமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். தள்ளிவிடுவாள் என்று நினைத்தேன். தள்ளவில்லை.

கிளினிக்கில் நம்பர் கொடுக்கிற நோனா அம்மா சிங்களத்தில் கேட்டார், யாருக்கு வருத்தம் என்று. நான் சுகந்தியைக் காட்டினேன். சுகந்தி பல்லைத் திறக்காமலே, "அபி தென்னாட்டம" என்றாள். எங்கள் இரண்டு பேருக்கும் என்று. நோனா இரண்டு நம்பர் கொடுத்தார். டொக்டர் சின்ன வயது ஆள். இரண்டு கை முட்டியையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, நடுவில் ஒரு கைக்குட்டையை மடித்து வைத்துக் காட்டினார். தாடை மூட்டுக்குள் இப்படி ஒரு மெத்தை இருக்கிறதாம். அது முன்னால் நழுவி, திரும்பி இடத்துக்கு வரும்போதுதான் அந்த டக் சத்தம். வெறும் சத்தம் என்றால் பலருக்கு ஒன்றும் ஆகாது, பயப்பட வேண்டியதில்லை. ஆனால் சத்தத்தோடு வலி, மெல்ல முடியாமை, அடிக்கடி பூட்டிக்கொள்வது வந்தால் காட்டாமல் இருக்கக்கூடாது. மெத்தை நழுவியபடியே நின்றுவிட்டால் வாய் பூட்டிக்கொள்ளும். சுகந்தியின் பூட்டு புதிது, சீக்கிரம் வந்ததால் மெதுவாகத் திறக்கப் பார்க்கலாம், பயிற்சி, மருந்து, புதுத் தகடு, தவறாமல் கிளினிக். "நாள் கடத்த வேண்டாம்" என்று இரண்டு முறை சொன்னார். பிறகு என்னிடம் வந்தார். என் தாடையை எடுத்த எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "அம்மே, எலும்பு தேஞ்சு தட்டையாயிருச்சு. வலியக் குறைக்கலாம். இன்னும் அரை விரல் தொறக்க வைக்கலாம். போனத முழுசா எடுத்துத் தர முடியாது." பிறகு, "இந்த மூணு பல்ல ஏன் புடுங்கினீங்க?" என்றார். துண்டுக்கு என்றேன். எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. இருந்தும் அவருக்கு விளங்கவில்லை. விளங்கவைத்தேன். அப்போதும், அந்த அறையிலும், எனக்கு அவள் மேல் பொறாமையாக இருந்தது தம்பி. அவளுடையது புதிது என்று சொன்னாரே, அந்த ஒரு வார்த்தைக்காக.

அன்று மாலை நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "மொதத் தகட்டப் பத்திரமா வச்சிருந்தா இது வந்திருக்குமா? இப்ப கடையில லீவு தரமாட்டாங்க. கெளினிக்க அடுத்த மாசத்துக்கு மாத்திக்க." அவளால் பதில் சொல்ல முடியவில்லை. வாய் திறக்க முடியாத ஒருத்தியிடம் சண்டை போட்டு ஜெயித்தாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். நான்தான் கெடுத்தேன் என்று சொல்ல ஒரு விரல் வாய் போதும். சொல்லவில்லை. சொன்னால் நீ என் பக்கம் திரும்பவே மாட்டாய் என்று பயந்தேன். அவள் பையைக் கட்டினாள். போகும்போது, "அத்தை, புதன்கெழமக் கிளினிக்குக்கு ஒங்க நம்பர் துண்டு சாமிப் படத்துக்குப் பின்னால இருக்கு" என்று மட்டும் சொன்னாள். நீல டப்பா இருந்த இடத்தில்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் என் வாயைப் பார். வலி கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும் காத்திருந்தால் கடைசியில் தெரிவது இதுதான். நீ என்னிடமிருந்து "பிறகு" என்ற வார்த்தையைக் கற்றுக்கொண்டாய். அதை என்னோடு விட்டுவிடு. நீ வேலை செய்கிற கடை முதலாளியிடம் போய், என் பெண்சாதிக்கு வாய் திறக்கவில்லை என்று சொல். வெளியே எதுவும் தெரியவில்லையே என்று அவர் சொன்னால், அவரும் நம் மருந்துக்காரரும் ஒரே பள்ளிக்கூடம். அவரோடு சண்டை போடு, அவளோடு போடாதே. நாளைக்கே குருவிட்டைக்குப் போ. அறிவிருக்கா என்று கேட்டது தப்பு என்று அவள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் முன்னால் சொல். இந்தப் பேப்பரைக் காட்டு.

புதன்கிழமை காலையில் நான் முதல் பஸ்ஸில் வந்து நம்பர் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். அவள் நம்பரும் என் நம்பரும் அடுத்தடுத்து. அங்கே வாங்குப் பலகை நீளம், மூன்று பேர் உட்காரலாம். நடுவில் வந்து உட்கார்ந்து இரண்டு பேரையும் சமாளிக்கப் பார்க்காதே. அவள் பக்கம் போய் உட்கார். எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கு அது பழகிய வலி.

அம்மா